அறுபத்தொரு சதுர அடி

அப்புத்தளையில் தெரு
தண்டவாளம் சொன்னபடி போகிறது.
தண்டவாளம், மலைமுகடு சொன்னபடி.
பள்ளிவாசல் மட்டும்
ஒருவர் சொல்லும் கேளாமல்
தோளைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது,
மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே.

அதனால் சுவருக்கும் தெருவுக்கும் நடுவில்
ஒரு முக்கோணம்.
செருப்புகள். குடைகள். பேசாத ஒலிபெருக்கி ஒன்று.
கல்லாகிப்போன ஒரு மூட்டை சீமெந்து.

"இந்த மூலைய நேராக்கித் தாங்க தங்கச்சி,"
செயலாளர் ரஸீன் கேட்டார்.
பொருளாளர் மஹ்ஸூம் கையில் சுவர்க் கலண்டர்:
ஜனவரி இஸ்தான்புல், ஜூன் சமர்கந்து,
"குப்பா இந்த ஒக்டோபர் மாதிரி."
ஒக்டோபர், பீஜப்பூர்.
அந்தக் குவிமாடத்தை இங்கே கவிழ்த்தால்
பள்ளியோடு சேர்த்து
பஸ் நிலையமும் உள்ளே போய்விடும்.
சொல்லவில்லை. நாடாவை விரித்தேன்.
மறுமுனையை விஜேதிலக்க பாஸ் பிடித்தார்.

திசைகாட்டி முள்
இரும்புப் பாதையைக் கண்டு தடுமாறியது.
கைபேசி வேறொன்று சொன்னது.
கட்டியவர்கள் மூன்று பாகை பிசகியிருக்கலாம்.
பிசகியது நானாகவும் இருக்கலாம்.

அன்றிரவு மேசையில்
வேறு முக்கோணங்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கெய்ரோவில், பாத்திமியர் நாளில் எழுந்த பள்ளி:
முகம் தெருவுக்கு, மனம் கிப்லாவுக்கு.
இடையில் அகப்பட்ட சுவர்
ஓரிடம் மெலிந்து, ஓரிடம் பருத்து
சங்கடத்தைத் தானே விழுங்கிக்கொள்கிறது.

இஸ்பஹானில் ஸபவியர் வாசல்
சதுக்கத்தை நேரே பார்த்து வரவேற்கும்.
நுழைந்தவனை ஒரு நடையில் வளைத்து
அவனறியாமல் திருப்பிவிடும்.

கொர்தோபாவில் தூண்கள் காடாய் நிற்கின்றன,
தெற்கு நோக்கி;
மக்காவோ கிழக்கே கிடக்கிறது.
ஆண்டவர்கள் ஒவ்வொருவராய் வந்து
நீட்டினார்கள், அகட்டினார்கள்.
திருப்பவில்லை.

கீழக்கரையில் கோயில் பழகிய உளி
பூவைச் செதுக்கியது,
யாளி வரவேண்டிய இடத்தில்
வெறும் கல்லை வழவழப்பாக்கிவிட்டு நகர்ந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் மதீனா.
பேரீச்ச மரமே தூண், அதன் ஓலையே கூரை.
வடக்கே பார்த்துத் தொழுதவர்கள்
தெற்கே திரும்பச் சொல்லி ஆணை வந்தபோது
முன்வரிசை பின்வரிசையாயிற்று.
பழைய பக்கத்துக் கூரையை
யாரும் பிரிக்கவில்லை என்கிறார்கள்.
வீடற்றவர்கள் அதன்கீழ் வந்து படுத்தார்கள்.

இந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டேன்.

மறுநாள் மூன்றரைக்குத்
தெற்குச் சரிவில் ஏறிய பனிமூட்டம்
முகட்டைத் தொட்டதும் மழையானது.
தம்பேதன்னை பஸ்ஸுக்கு நின்றவர்கள்
(என் அம்மாவுக்கும் அதே பஸ்தான்)
சாக்குப் படங்கைத் தலையில் இழுத்துக்கொண்டு
முக்கோணத்துக்குள் ஓடி வந்தார்கள்.
கொழுந்து மணம். ஈரக் கம்பளி மணம்.
ஒருத்தி ஒலிபெருக்கியை ஓரமாய் நகர்த்தி
சீமெந்து மூட்டையில் உட்கார்ந்தாள்,
நெடுநாள் பழகிய நாற்காலி போல.
உள்ளே அஸர் நடந்துகொண்டிருந்தது.
வா என்று எவரும் சொல்லவில்லை.
போ என்றும்.

மூலையை நேராக்காமலே படத்தைக் கொடுத்தேன்.
மஹ்ஸூம் கணக்குப் போட்டார்:
"அறுபத்தொரு சதுர அடி. கால் பேர்ச் வராது,
எண்டாலும் இந்த டவுன்ல..."
மீதியை ரயில் கூவல் எடுத்துக்கொண்டது.

நகரசபையில் அறைக்கெல்லாம் பெயர் வேண்டும்.
தொழும் மண்டபம், ஹவ்ழ், மோதினார் அறை
எல்லாம் எழுதியிருந்தேன்.
வெறுமையாய் விட்ட முக்கோணம்
சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது:
இது என்ன?

ரஸீன் என் பேனாவை வாங்கினார்.
வெளியே பார்த்தார். மழை விட்டபாடில்லை.
"குடை" என்று மட்டும் எழுதினார்,
இரண்டு எழுத்து, கொஞ்சம் சாய்வாக.

முத்திரை விழுந்தது.
குவிமாடத்துக்குப் பணம் சேரவில்லை.
நவம்பர் முடியப்போகிறது,
மஹ்ஸூம் இன்னும்
ஒக்டோபரைக் கிழிக்கவில்லை.